கம்பளத்தில் ஒட்டிய வஞ்சரம்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் பெண்ணைப் பற்றிக் கவலைப்படவில்லை. எல்லாக் கவலையும் கம்பளத்தைப் பற்றித்தான்.

ராயபுரத்தில் எங்கள் குப்பத்தில் யார் வீட்டில் நல்லது நடந்தாலும் ரஷீது பாய் வீட்டுக் கம்பளம் வந்துவிடும். தோல் மண்டியில் பெரிய கணக்குப்பிள்ளையாக இருந்தவர் அவர். சிவப்புக் கம்பளம், ஓரமெல்லாம் பச்சைக் கொடி, நடுவில் மஞ்சள் பூ. எங்களிடம் இருந்ததெல்லாம் கோரைப்பாய், அதுவும் ஓரம் பிரிந்தது. அதனால் நிச்சயமா, காதுகுத்தா, சீமந்தமா, அந்தக் கம்பளம் தோளில் ஏறித் தெரு தாண்டி வரும். மறுநாள் உதறி, சுருட்டி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பிப் போகும். பாய் வீட்டம்மா கொடுக்கும்போதெல்லாம் ஒன்றுதான் சொல்வார்: தண்ணீர் மட்டும் பட்டுவிடக் கூடாது, பட்டால் சாயம் ஓடிவிடும்.

அரிசிக்கு ரேஷனை நீக்கிய வருஷம் அது. என் புருஷன் குணசேகரன் புயலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நானும் என் மகள் பூவம்மாவும் அண்ணன் செல்வத்தின் வீட்டில் இருந்தோம். பூவுக்கு நாலு வயசு. நான் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் போவேன். சோற்றுக்கு யாரிடமும் கையேந்தவில்லை, ஆனாலும் எத்தனை நாளைக்கு அண்ணன் வீட்டில் இருப்பது? எங்கள் பக்கம் மறுகல்யாணம் ஒன்றும் புதிதில்லை. அண்ணி புஷ்பவல்லி திருவொற்றியூரில் ஒரு இடம் பார்த்தாள். மாப்பிள்ளை பெயர் ஜெயவேல். எங்கள் ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்து ஐஸ் கம்பெனியில் வேலை. அவருக்கும் முதல் சம்சாரம் தவறிவிட்டாள். அப்பா அம்மா இல்லை, வளர்த்தது அத்தைதான்.

நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். பூவு என்னோடு வருவாள் என்றால் கழுத்தை நீட்டுகிறேன், இல்லாவிட்டால் கூடையே போதும். அதெல்லாம் பேசிவிட்டேன் என்று அண்ணி சொல்லியிருந்தாள். நானும் நம்பியிருந்தேன்.

காலையிலேயே அண்ணி கம்பளத்தைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்துவிட்டாள். சாயங்காலம் வருகிறவர்களுக்குக் காலையிலேயே எதற்கு விரிப்பு என்று கேட்டேன். மடிப்பு அடங்க வேண்டுமாம். அண்ணன் விருந்துக்கு மீன் கொண்டுவர கட்டுமரம் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான். நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். அந்த நடைதான் வினையாகிவிட்டது.

குவார்ட்டர்ஸில் ஒரு துரைசாணியம்மா, அவருடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால், ஒரு தகர டப்பாவை பூவுக்குக் கொடுத்திருந்தார். உள்ளே நீலம், சிவப்பு, பச்சை என்று கலர் கலராக மாவுக் கட்டிகள். பிசைந்தால் இளகும், உருட்டினால் உருளும், எத்தனை நாளானாலும் காயாது. நாங்கள் அதற்குச் சீமை மாவு என்று பெயர் வைத்திருந்தோம். அதை வைத்து பூவு செய்வதெல்லாம் மீன்தான். வேறு எதை அவள் பார்த்திருக்கிறாள்? அன்றைக்கு நடுக்கம்பளத்தில் மஞ்சள் பூவின் மேல் உட்கார்ந்து, சந்தையில் பரப்புகிற மாதிரி வரிசையாக மீன் பரப்பியிருக்கிறாள். அண்ணி கையில் சாமானோடு கீழே பார்க்காமல் அதன்மேல் போகவும் வரவுமாக மிதித்திருக்கிறாள். நான் சுண்ணாம்புக் கையோடு வந்து பார்த்தபோது மீன் ஒன்றும் மீனாக இல்லை. நீலமும் சிவப்புமாகக் கம்பளத்தின் மயிருக்குள் அப்பிக்கொண்டிருந்தது.

"என் வஞ்சரம் ஒட்டிக்கிச்சு," என்றாள் பூவு, குற்றம் அண்ணியின் மேல்தான் என்பது போல.

விரலால் கிள்ளி எடுத்துப் பார்த்தோம். கொஞ்சம் வந்தது, மீதி ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டது. அப்போதுதான் நாங்கள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தோம். மணலில் வாழ்கிற ஜனங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் வெயில். வலை நனைந்ததா, வெயிலில் போடு. கருவாடு நமுத்ததா, வெயிலில் போடு. துணி, விறகு, பாய், மூக்கொழுகும் பிள்ளை, எதுவானாலும் வெயிலில் போடு. காய்ந்தால் உதிர்ந்துவிடும் என்று இரண்டு பேரும் சேர்ந்து கம்பளத்தைத் தூக்கிக் கடற்கரை மணலில் விரித்தோம். யோசனை என்னுடையதா அவளுடையதா என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு தீரவில்லை. வெயிலும் அன்றைக்கென்று நன்றாகவே அடித்தது.

திரும்பிப் போய்ப் பார்த்தால் மாவு காயவில்லை. உருகியிருந்தது. விரலளவு இருந்த இடம் உள்ளங்கையளவு பரவி, சுற்றிலும் எண்ணெய் வளையம் கட்டியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தோம். அண்ணி நேரே அடுப்படிக்குப் போய்க் கொதிக்கிற தண்ணீர்ப் பானையைத் தூக்கி வந்தாள். நான் குறுக்கே நின்றேன்.

"தண்ணி படக் கூடாதுன்னாங்க இல்ல? சாயம் ஓடிச்சின்னா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு குடுப்ப?"

"அப்ப இன்னா பண்ணச் சொல்ற? சாயங்காலம் அவங்க வந்து இதும்மேல தானே குந்தணும்? இது இன்னா கறைன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"கொயந்த வெளையாடிச்சின்னு சொல்லு. அதுல இன்னா கீது?"

அண்ணி பானையைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. "எந்தக் கொயந்தன்னு கேப்பாங்களே, மங்கே," என்றாள்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவளே சொன்னாள். மாப்பிள்ளையின் அத்தையிடம், பெண்ணுக்குப் புருஷன் தவறிவிட்டான், வேறு பிக்கல் பிடுங்கல் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாளாம். சாயங்காலம் பூவைப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளிடம் விட்டுவிடுவதாக ஏற்பாடாம். கல்யாணம் முடிந்தபிறகு மெதுவாகப் பேசிக்கொள்ளலாமாம்.

"அப்பிடி அவங்க ஒத்துக்கலன்னா நான் வளக்க மாட்டேனா?" என்றாள். "எனக்குத் தான் யாரு கீறாங்க?"

கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆகியும் அண்ணிக்குக் குழந்தை இல்லை. ராத்திரியில் பூவு பாதித் தூக்கம் அவள் பக்கத்தில்தான் தூங்கும். அதனால் திட்ட வாயெடுத்தவள் திட்ட முடியாமல் நின்றேன். ஆனால் கோபம் போகவில்லை. என் பிள்ளை பிக்கல் பிடுங்கலா?

கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அந்தக் கறையையே முறைத்துக்கொண்டிருந்தேன். வஞ்சரத்தை ரயிலில் அனுப்புகிற வியாபாரிகளின் ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது. அந்தப் பெட்டியில் போட்ட மத்தி மீனின் கொழுப்பு வெள்ளையாக உறைந்து, நகத்தால் சுரண்டினால் பொலபொலவென்று உதிரும். இதுவும் எண்ணெய்ச் சரக்குதான். சூட்டில் உருகியது குளிரில் இறுகத்தானே வேண்டும்?

"ஐஸ் வோணும்," என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் ஐஸ் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது ஜெயவேல் வேலை செய்கிற கம்பெனி.

"அங்க போவாத மங்கே. அவரு இன்னிக்கி அரை நாள் வேலைக்கு வந்துகீறாரு. பாத்தா இன்னா நெனப்பாரு?"

"நெனக்கட்டும்," என்றேன். பூவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அண்ணி பின்னாலேயே வாசல்வரை வந்தாள், பிள்ளையையாவது விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீராப்பாகக் கிளம்பிவிட்டேனே தவிர, ஸ்டேஷன் நெருங்கியபோதுதான் என்னையே பார்த்துக்கொண்டேன். தலையில் சுண்ணாம்புத் தெறிப்பு, புடைவையில் அடுப்புக் கரி. பெண் பார்க்க வருகிறவருக்கு முன்னால் நானே போய் நிற்கிறேன், அதுவும் இந்தக் கோலத்தில். திரும்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. திரும்பினால் சாயங்காலம் என் பிள்ளை அடுத்த வீட்டில் ஒளிந்திருக்கும். ஒரு நாள் ஒளித்தால் அப்புறம் என்றைக்கும் ஒளிக்கத்தான் வேண்டும். அந்த நினைப்புதான் என்னைத் தள்ளிக்கொண்டு போனது.

கம்பெனி வாசலில் மரத்தூளும் ஈரச் சாக்குமாகக் கிடந்தது. தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கையில் கொக்கியோடு ஒருவர் வந்தார். கறுத்த ஆள், நெற்றி ஓரத்தில் கொஞ்சம் நரை. பின்னால் யாரோ "ஜெயவேலு" என்று கூப்பிட்டதால் அவர்தான் என்று தெரிந்தது.

"இன்னாம்மா வோணும்?"

"ஐஸ் வோணும்."

"எத்தினி கூடை மீனுக்கு?"

"மீனுக்கு இல்ல. ஒரு கம்பளத்துக்கு."

அவர் கொக்கியைக் கீழே வைத்தார். "மீனுக்குக் குடுத்துகீறேன், ஜொரத்துக்குக் குடுத்துகீறேன், கம்பளத்துக்குக் குடுத்தது இல்ல," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

நான் சீமை மாவைச் சொன்னேன். வெயிலைச் சொன்னேன். யாருடைய கம்பளம் என்று கேட்டார்.

"ரஷீது பாய் வூட்டுது. சாயங்காலம் நீங்க வந்து குந்தறதுக்கு வாங்கியாந்தது. நான் தான் மங்கை." அவர் பேசுவதற்குள் மீதியையும் சொல்லிவிட்டேன். நிறுத்தினால் சொல்லியிருக்க மாட்டேன். "இது என் கொயந்த. எனக்குக் கொயந்த இல்லன்னு உங்க அத்தைகிட்ட எங்க வூட்ல சொல்லிட்டாங்களாம். எனக்கே இன்னிக்கித்தான் தெரியும். நான் எங்க போனாலும் இவ என் கூடத்தான் வருவா. அத்தத் தெரிஞ்சிக்கினு வர்றதுன்னா வாங்க. இல்லன்னா ஐஸ மட்டும் குடுங்க."

அவர் கொக்கியை எடுத்துக்கொண்டார். உள்ளே போய்விட்டார். ஐஸ் உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பூவு என் காதில் "யாரும்மா?" என்று கேட்டாள்.

மரத்தூள் போட்டுச் சாக்கில் கட்டிய பாளத்தோடு வந்தார். என்னிடம் கொடுக்காமல் பூவுக்கு நேராகக் குனிந்தார்.

"இன்னா செஞ்ச அந்த மாவுல?"

"மீனு."

"இன்னா மீனு?"

"வஞ்சரம்," என்றாள் பூவு. "பெரிசு."

"எனக்கு ஒண்ணு செஞ்சி தருவியா?"

பூவு யோசித்தாள். யாருக்கும் சுலபமாக எதையும் கொடுக்கிற பிள்ளை இல்லை அவள். "மாவு ஒட்டிக்கிச்சே," என்றாள்.

"உங்க அம்மா சொரண்டி எடுக்கும். அப்பால செய்யி."

அவ்வளவுதான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிள்ளையிடம் நல்ல வார்த்தை பேசி அனுப்பிவிட்டார், அதோடு சரி என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர் முதுகெல்லாம் நனைத்துவிட்டது.

வீட்டில் அண்ணி கம்பளத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஐஸைத் துண்டு போட்டு, அலுமினியத் தூக்கில் நிரப்பி, மூடி, வெளி ஈரத்தைத் துடைத்து, கறையின் மேல் வைத்தேன். தண்ணீர் படாமல் குளிர் மட்டும் இறங்க வேண்டும் அல்லவா? கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், ஈரமாகப் பிசுபிசுத்த மாவு பழைய வெல்லம் மாதிரி இறுகியிருந்தது.

கத்தி வைத்தால் நூல் அறுந்துவிடும். மட்டிச் சிப்பியின் ஓடு ஒன்றை எடுத்து, அதன் மழுங்கல் பக்கத்தால் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுரண்டினேன். நடுவிலிருந்து வெளியே இழுத்தால் கறை இன்னும் பரவும். உதிர்ந்த துண்டுகளை உடனே பொறுக்கினேன், மறுபடி அழுந்திவிடாமல். இளகத் தொடங்கினால் நிறுத்தி, மறுபடி தூக்கை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு மட்டி ஓடு எதிர்ப்பக்கத்திலிருந்து சுரண்டுகிற சத்தம் கேட்டது. அண்ணி. இரண்டு பேர் தலையும் முட்டிக்கொள்கிற மாதிரி குனிந்து வேலை செய்தோம். பூவு பொறுக்கிய துண்டுகளையெல்லாம் தன் பாவாடை மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

மாவு போயிற்று, எண்ணெய் வளையம் போகவில்லை. அண்ணி எழுந்து போய், சாயங்காலம் பஜ்ஜி போட வைத்திருந்த கடலை மாவை முழுதும் கொண்டுவந்து அதன்மேல் கொட்டினாள்.

"பஜ்ஜி?" என்றேன்.

"முறுக்கு தின்னட்டும்," என்றாள்.

கடலை மாவு எண்ணெயை நன்றாக உறிஞ்சியது. தேங்காய் நாரால் தட்டித் தட்டி எடுத்தோம். கடைசியில் மஞ்சள் பூவின் நடுவில் கட்டை விரலளவு நீலம் மட்டும் மிஞ்சியது. அது எதற்கும் அசையவில்லை.

அதையும் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. போய்ப் பாய் வீட்டம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார். பிறகு கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டிக் காட்டினார். பச்சைக் கொடிக்குக் கீழே கறுப்பாக ஒரு பெரிய திட்டு.

"எங்க சின்னவன் மைக்கூட்டக் கவுத்தது," என்றார். "தண்ணி படல இல்ல? அது போதும், போ. போயி தல சீவு."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் ஒரு கவலை தீர்ந்ததும் மற்றது பெரிசாகிவிட்டது. வருவாரா? வந்தால் எதற்கு வருவார், பேச்சை முறித்துக்கொண்டு போகவா?

வந்தார். அண்ணன் கடலிலிருந்து திரும்பி, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வாசலில் நின்று வரவேற்றான். ஜெயவேலும் அவருடைய அத்தையும் வந்து கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். அத்தை கையில் இலையில் சுற்றிய பூ. அடுப்படியிலிருந்து நான் கூடத்துக்கு வரும்போது பார்த்தேன், பூவம்மாவைக் காணோம். தலை சீவிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணி அவளைப் பச்சையம்மாள் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அத்தனை நடந்தும். நான் கும்பிட்டேனா, உட்கார்ந்தேனா, ஒன்றும் நினைவில்லை.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ கேட்டார், அண்ணன் ஏதோ சொன்னான். ஜெயவேல் என்னைப் பார்க்கவில்லை. கம்பளத்தில் தேடிக்கொண்டிருந்தார். நீலத்தைக் கண்டதும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பூவம்மா எங்க?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது, ஐஸ் கம்பெனியில் நான் பிள்ளையின் பெயரைச் சொல்லவே இல்லை. யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்.

"யாரு பூவம்மா?" என்றார் அத்தை.

"இவங்க பொண்ணு, அத்தே. எனக்கு மீனு செஞ்சி தரேன்னிச்சு."

"பொண்ணா? அப்பிடி யாரும் இல்லன்னு தானே சொன்னாங்க?"

"காலைல நானே பாத்தேன். அம்மாவும் பொண்ணுமா வந்தாங்க. பாத்துட்டுத்தான், சரின்னு தான் வந்துகீறேன்." அவர் குரலை உயர்த்தவே இல்லை.

நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள். கதவோரம் நின்றவள், யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள். வரும்போது இடுப்பில் பூவு. அண்ணியின் கண் சிவந்திருந்தது. வாசல்படியில் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகுதான் இறக்கி விட்டாள். பெற்றவள் நான்தான், ஆனால் அந்த இறக்கிவிடுதல் எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது.

"திருவொத்தியூரு இன்னா தூரம்?" என்றார் ஜெயவேல், அண்ணியைப் பார்த்து. "நெனச்சா வந்து பாருங்க. இல்லன்னா நான் இட்டுக்கினு வர்றேன்."

அண்ணி தலையை ஆட்டினாள்.

பூவு நேராகக் கம்பளத்தின் நடுவுக்கு வந்தாள். கையில் ஒரு வஞ்சரம். சிவப்பு, நீலம், பச்சை, கடலை மாவு எல்லாம் சேர்ந்து பிசைந்து சேற்று நிறமாக இருந்தது. வாலில் கம்பளத்து மயிர் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதை மஞ்சள் பூவின் மேல் வைக்கக் குனிந்தாள். அண்ணன், நான், அண்ணி, அத்தை கூட, நாலு பேரும் ஒரே நேரத்தில் "கீய வெக்காத" என்றோம்.

ஜெயவேல் உள்ளங்கையை நீட்டினார். பூவு மீனை அதில் வைத்தாள்.

அத்தை கொஞ்ச நேரம் மீனையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று அண்ணியைக் கடிந்துகொண்டார். "பூவு ஒரே ஒரு மொயம் தானே கொண்டாந்தேன்." சொல்லிக்கொண்டே இலையைப் பிரித்தார். பல்லால் நூலைக் கடித்துச் சரத்தை இரண்டாக்கினார். ஒரு பாதியைப் பூவம்மாவின் தலையில் வைத்தார். மறு பாதியோடு என் பக்கம் வந்து, "குனி," என்றார்.

இரண்டு வருஷமாகப் பூ ஏறாத தலை. நான் குனிந்தேன். அழுதுகொண்டேதான் குனிந்தேன்.